மேன் தீவில் ஒரு ரயில் விடுமுறை: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில், 52 கிலோமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு தீவு ஐல் ஆஃப் மேன். சுருக்கமாக மேன் தீவு என்போம். நீராவி ரயில், குதிரை டிராம், கடலோர மின்சார டிராம், மலையேறும் மின்சார டிராம் என நான்கு வகையான குறுகிய பாதைகள் அங்கே இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. நான்கும் 19-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. பெரும்பாலும் அன்றைய என்ஜின்களும் பெட்டிகளுமே இன்றும் ஓடுகின்றன. ரயில்களைப் பார்ப்பதற்காகவே முதன்முறையாக வெளிநாட்டுப் பயணம் போக நினைப்பவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஒரே ஊரில் தங்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு பாதையில் சென்று, மாலையில் அறைக்குத் திரும்பிவிடலாம்.

இந்த விளக்கத்தின் அடிப்படை ஒன்றே: பாதைகள் எந்த வரிசையில் போடப்பட்டனவோ அதே வரிசையில் அவற்றில் பயணம் செய்யுங்கள். நீராவி 1873, குதிரை 1876, கடலோர மின்சாரம் 1893, மலைப்பாதை 1895. இப்படிச் சென்றால், முந்தைய பாதையால் இயலாத எதை அடுத்த பாதை செய்துகாட்டியது என்பது பயணத்தின்போதே விளங்கிவிடும்.

முதல் படி: பாதையின் அகலத்தை அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரமே கேஜ் எனப்படுகிறது. உலகில் மிகுதியாகப் பயன்படும் அளவு 1435 மில்லிமீட்டர். இந்தியாவின் பிராட் கேஜ் 1676. நம் நீலகிரி மலை ரயிலின் மீட்டர் கேஜ் 1000. மேன் தீவின் நீராவி ரயிலும் குதிரை டிராமும் கடலோர மின்சார டிராமும் அதைவிடவும் குறுகிய 914 மில்லிமீட்டரில், அதாவது மூன்று அடி அகலத்தில், ஓடுகின்றன. அகலம் குறைந்தால் வளைவுகளை இறுக்கமாக அமைக்கலாம். மலைச்சரிவைக் குறைவாக வெட்டினால் போதும். பாலங்களும் பெட்டிகளும் சிறியவையாகிச் செலவு குறையும். மக்கள்தொகை குறைவான ஒரு தீவில் ரயில் போட முடிந்ததற்கு இதுவே காரணம். பயணத்துக்கு முன் இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடலோர டிராமும் மலை டிராமும் சந்திக்கும் லாக்ஸி நிலையத்தில் இரண்டு வெவ்வேறு அகலப் பாதைகள் அருகருகே கிடப்பதைக் காணும்போது அவை பயன்படும்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாக மார்ச் மாதத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ரயில்கள் ஓடும். குதிரை டிராமின் பருவம் அதைவிடக் குறுகியது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெறும். அந்த நாட்களில் தங்கும் விடுதிகள் நிரம்பி, கட்டணம் உயர்ந்து, மலைச்சாலை மூடப்படுவதால், ரயிலுக்காக மட்டுமே வருபவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் பிற்பகுதியும் செப்டம்பரும் என் தேர்வு. ஜூனில் இரவு வெகுநேரம் வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பரில் கூட்டம் குறைந்திருக்கும்.

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்த ஆண்டின் கால அட்டவணையைப் பாருங்கள். எல்லாப் பாதைகளும் எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை. நாளுக்கு நாள் வண்டிகளின் எண்ணிக்கையும் நேரமும் மாறும். நீங்கள் தங்கப்போகும் நாட்களில் எந்தப் பாதை எந்த நாளில் ஓடுகிறது என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்துவிடும். தன்னார்வலர்கள் நடத்தும் சிறு பாதைகள் பெரும்பாலும் வார இறுதியில் மட்டுமே ஓடுவதால், தங்கும் நாட்களுக்குள் ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டாயம் வர வேண்டும்.

மூன்றாம் படி: சென்று சேர்வதும் தங்குவதும்

இங்கிலாந்தின் ஹேஷம் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தலைநகர் டக்ளஸை அடையலாம். கோடையில் லிவர்பூலிலிருந்தும் கப்பல் உண்டு. லண்டன், மான்செஸ்டர் போன்ற நகரங்களிலிருந்து விமானமும் இருக்கிறது. முதன்முறை செல்பவர் கப்பலில் செல்வதே சிறப்பு என்பது என் கருத்து: ஸ்னேஃபெல் மலை கடலிலிருந்து மெல்ல எழுந்து வருவதைக் கண்டால், அதன் உச்சிக்கு டிராம் செல்கிறது என்பது எவ்வளவு பெரிய செயல் என்று தோன்றும். இத்தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. ஆயினும் அதன் வழியாகச் செல்லும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அந்நாட்டு விசா தேவைப்படும். தீவு தனக்கென பவுண்டு நோட்டுகளை அச்சிடுகிறது. மதிப்பு ஒன்றே என்றாலும், அவற்றை இங்கிலாந்துக் கடைகளில் மாற்றுவது கடினம் என்பதால் கிளம்புவதற்கு முன் செலவழித்துவிடுங்கள்.

டக்ளஸ் கடற்கரைச் சாலையில் அறை எடுங்கள். துறைமுகத்தின் அருகே நீராவி ரயில் நிலையமும், விரிகுடாவின் வடகோடியில் டெர்பி காசில் என்னும் டிராம் முனையமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் சேர்த்துப் பல நாட்களுக்கான அட்டை ஒன்று விற்கப்படுகிறது. தனித்தனிச் சீட்டு வாங்குபவர் ஒரு பாதையில் ஒருமுறை சென்று திரும்புவதோடு நிறுத்திக்கொள்வார். அட்டை வைத்திருப்பவர் விரும்பிய நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறுவார். இந்த விடுமுறையின் சுவையே அப்படி இறங்கி ஏறுவதில் இருப்பதால் அட்டையையே வாங்குங்கள்.

நான்காம் படி: நீராவி ரயில்

டக்ளஸிலிருந்து தென்மேற்கே போர்ட் எரின் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பயண நேரம் ஒரு மணி அளவு. தீவின் முதல் ரயில் 1873-இல் டக்ளஸிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பீல் ஊருக்கு ஓடியது; போர்ட் எரின் பாதை 1874-இல் வந்தது. பீல் பாதையும் வடக்கிலுள்ள ராம்சி ஊருக்குச் சென்ற நீராவிப் பாதையும் 1968-இல் மூடப்பட்டுவிட்டதால், இன்று மிஞ்சியிருப்பது தெற்குப் பாதை மட்டுமே. 1978-இல் தீவின் அரசு இதைத் தன் உடைமையாக்கிக் காப்பாற்றியது.

புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பே சென்று என்ஜினைப் பாருங்கள். மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனம் 1873-க்கும் 1926-க்கும் இடையே இத்தீவுக்காக 15 என்ஜின்களைக் கட்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அடிப்படை வடிவம் மாறவில்லை. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், பின்னால் நான்கு இயக்கு சக்கரங்கள், கொதிகலனின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டி. புகைபோக்கியில் பித்தளை எண் பொறிக்கப்பட்டிருக்கும். 4 என்ற எண்ணைக் கண்டால் அது 1874-இல் வந்த, லாக் என்னும் பெயருடையது; இந்தப் பாதை திறக்கப்பட்ட ஆண்டின் என்ஜின் அது.

போகும்போது இடப்பக்கச் சன்னலில் அமருங்கள். கடல் அந்தப் பக்கம். டக்ளஸை விட்டதும் ஏற்றம் தொடங்கிவிடும் என்பதால், பெட்டியின் சன்னலைத் திறந்து வைத்து, புகைபோக்கியின் ஒவ்வொரு வீச்சும் எப்படி மெதுவாகிக் கனக்கிறது என்று கேளுங்கள். ஏற்றம் முடிந்து பாதை சமமானதும் அதே ஒலி இலேசாகி விரைவுபடும். என்ஜினின் உழைப்பைக் காதால் அளக்கக் கற்றுக்கொள்வதே புதியவருக்கான முதல் பாடம். ஒற்றைப் பாதையாதலால் எதிர்வண்டிக்காக இடைநிலையத்தில் காத்திருக்க நேரும். அப்போது நடைமேடையில் இறங்கி, இரண்டு என்ஜின்களும் ஒருசேர நிற்பதைப் படம் எடுக்கலாம். முன்னாள் தலைநகரான காசில்டவுனில் இறங்கினால், நிலையத்திலிருந்து நடந்தே சென்று ரஷன் கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் தொடரலாம். போர்ட் எரினில் என்ஜின் கழற்றப்பட்டு, பக்கப்பாதை வழியாகச் சென்று, மறுமுனையில் கோக்கப்படும் வேலையை முழுமையாகப் பாருங்கள். நிலையத்தை ஒட்டியே ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஐந்தாம் படி: குதிரை டிராம்

இதற்குக் குறைந்த நேரமே போதும். கடற்கரை வீதியில் புகை கக்கும் என்ஜினை ஓட்ட முடியாது; அங்கே 1876-இல் தாமஸ் லைட்ஃபுட் என்பவர் தண்டவாளத்தில் குதிரை வண்டியை ஓட்டினார். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே ஒரு நிறைந்த பெட்டியை ஒரே குதிரையால் இழுக்க முடிகிறது. பெட்டி நகரத் தொடங்கும் கணத்தில் குதிரை உடலை முன்னால் சாய்த்து இழுப்பதையும், பின்னர் இயல்பாக நடப்பதையும் கவனித்தால் இது புரியும். முனையத்தில் குதிரையை அவிழ்த்து மறுபக்கம் கொண்டுவந்து பூட்டுவார்கள். கடற்கரைச் சாலை புதுப்பிக்கப்பட்ட பின் பாதையின் நீளம் குறைந்துவிட்டது. டெர்பி காசிலிலிருந்து விரிகுடாவின் ஒரு பகுதிக்கு மட்டுமே ஓடுகிறது.

ஆறாம் படி: கடலோர மின்சார டிராம்

மேன்க்ஸ் மின்சார ரயில் எனப்படும் இந்தப் பாதைக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். டெர்பி காசிலிலிருந்து வடக்கே ராம்சி வரை 27 கிலோமீட்டர். நிற்காமல் சென்றால் ஒன்றேகால் மணி நேரம். 1893-இல் கிரவுடில் வரையும், 1894-இல் லாக்ஸி வரையும், 1899-இல் ராம்சி வரையும் நீண்டது. நீராவிப் பாதை சமவெளியை நாடிச் சுற்றிச் சென்ற தீவில், மின்சாரம் செங்குத்தான கடற்பாறைகளின் விளிம்பிலேயே ஏறி இறங்கியது. 1893-ஆம் ஆண்டின் 1, 2 எண் டிராம்கள் இன்னமும் இதே பாதையில் உயிரோடு இருக்கின்றன.

வடக்கு நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் அமருங்கள். மோட்டார் பெட்டிக்குப் பின்னால் சுவரில்லாத திறந்த பெட்டி கோக்கப்பட்டிருந்தால், வெயில் நாளில் அதிலேயே ஏறுங்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை அவசியம். லாக்ஸிக்கு வடக்கே புல்காம் என்னுமிடத்தில் தண்டவாளம் கடலுக்கு மேலே மிக உயரத்தில், பாறைச்சரிவின் விளிம்பை ஒட்டி வளைகிறது. இப்பாதையில் பார்க்க ஒரே ஓர் இடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பல நிறுத்தங்களில் நடைமேடையே கிடையாது என்பதால் படி உயரமாக இருக்கும். கையில் கேமராவுடன் இறங்காதீர்கள், பைக்குள் வைத்துவிட்டு இரு கைகளாலும் கம்பியைப் பிடியுங்கள்.

திரும்பும் வழியில் லாக்ஸியில் இறங்கி, 1854-இல் ஈயச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்கக் கட்டப்பட்ட 22 மீட்டர் விட்டமுள்ள நீர்ச்சக்கரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஸ்னேஃபெல் மலைப்பாதை

நீலகிரி ரயிலில் சென்றவருக்கு இந்தப் பாதை தனி வியப்பைத் தரும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சாய்வு 12.5-க்கு 1, அதாவது 12.5 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயர்வு; அதை ஏற, நடுவிலுள்ள பல்தண்டவாளத்தை என்ஜினின் பற்சக்கரம் கவ்விப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்னேஃபெலில் சாய்வு ஏறத்தாழ 12-க்கு 1. ஆயினும் டிராம் வெறும் சக்கரப் பிடிப்பாலேயே ஏறிவிடுகிறது. டிராமின் நான்கு அச்சுகளுக்கும் மோட்டார் இருப்பதால், முழு எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே அழுந்துகிறது. லாக்ஸி நிலையத்தை விட்டதும் பாதையின் நடுவே மூன்றாவது தண்டவாளம் ஒன்று உயர்ந்து கிடப்பதைக் காண்பீர்கள். ஜான் பாரக்ளோ ஃபெல் உருவாக்கிய முறையின்படி, இறங்கும்போது இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்குக்காகப் போடப்பட்டது அது. இங்கே பாதையை வகுத்தவர் அவருடைய மகன் ஜார்ஜ் நோபிள் ஃபெல். அந்தக் கருவிகளுக்கு இடம் வேண்டியே இப்பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டராக ஆனது.

1970-களின் இறுதியில், ஜெர்மனியின் ஆஹன் நகர டிராம்களிலிருந்து எடுத்த மின்கருவிகள் இந்தப் பெட்டிகளில் பொருத்தப்பட்டன. அதன்பின் இறக்கத்தில் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி வேகத்தைத் தடுக்கின்றன. பிறக்கும் மின்சாரம் கூரைமேல் உள்ள மின்தடைகளில் வெப்பமாகப் போய்விடுகிறது. கவ்வும் பிரேக் காவலாக நிற்கிறது.

8 கிலோமீட்டர் தூரத்தை அரைமணியில் ஏறி, 621 மீட்டர் உயரத்திலுள்ள உச்சியை அடையலாம். தெளிந்த வானம் இருந்தால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் தெரியும். கடல் தெய்வமான மனனான் தன் போர்வையால் தீவை மூடி மறைக்கிறான் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் மூடுபனி எந்நேரமும் இறங்கக்கூடும். ஆகவே இந்தப் பயணத்தை ஒரே நாளில் கட்டிப்போடாமல், வரிசையில் கடைசியாக வைத்து, அதற்குப் பின் ஒருநாள் மிச்சம் விடுங்கள். காலையில் மலையுச்சி தெரிந்தால் உடனே கிளம்புங்கள். குளிர்காலத்தில் உறைபனி கம்பியை அறுத்துவிடும் என்பதால் மேல்பகுதியின் மின்கம்பிகளைக் கழற்றி எடுத்துவிட்டு, வசந்தத்தில் மீண்டும் கட்டுகிறார்கள்.

மிச்சமுள்ள நாளுக்கு

கிரவுடிலில் டார்ஜிலிங் பாதையின் அதே 610 மில்லிமீட்டர் அகலத்தில், 1896-இல் திறந்த பாதை ஒன்றைத் தன்னார்வலர்கள் மீட்டு நடத்துகிறார்கள். அன்று கடற்பாறை இடுக்கில் விலங்குகளை வளர்த்துக் காட்டினார்கள்; என்ஜின்களின் பெயர்களான கடற்சிங்கமும் பனிக்கரடியும் அதிலிருந்து வந்தவை. லாக்ஸியில் 483 மில்லிமீட்டர் அகலமே உள்ள சுரங்க ரயிலில் எறும்பு, தேனீ என்ற பெயர்கள் கொண்ட இரண்டு குட்டி என்ஜின்கள் இழுக்கும் பெட்டியில் முழங்காலை மடக்கி அமர வேண்டும். இரண்டும் மின்சார டிராம் பாதையிலேயே இருப்பதால் அட்டையை வைத்துக்கொண்டே சென்று வரலாம். சிறு பாதைகளின் கட்டணம் தனி என்பதால் சில்லறை எடுத்துச் செல்லுங்கள். டக்ளஸுக்குத் திரும்பும் கடைசி டிராமின் நேரத்தைக் காலையில் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.