மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஜீப்: சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையைக் கடந்து போகும் கோயிங்-டு-த-சன் சாலையின் நடுப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியை விடமாட்டார்கள். யூட்டாவின் மோவாப் பக்கம் போனால் பார்க்க ஆசைப்படும் இடங்களில் பலவற்றுக்கு மண்ணும் பாறையும்தான் வழி. 35 அடி மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டியில், வந்தவருக்கு அதை முகாமில் நிறுத்திவிட்டுச் சுற்றிப்பார்க்க இன்னொரு வண்டி வேண்டும். அதனால்தான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பெரிய மோட்டார்ஹோம்களுக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு ஜீப் நான்கு சக்கரமும் தரையில் உருள வந்துகொண்டிருக்கும். இதை இங்கே 'டிங்கி' என்பார்கள். பெரிய படகின் பின்னால் கட்டி இழுத்து வரும் சிறு தோணிக்கும் அதே பெயர்தான்.

பெயர் அழகாக இருக்கிறது. ஆனால் தோணியை இழுத்தால் தேய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஜீப்பில் கியர்பாக்ஸ், அதிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பகிரும் டிஃபரன்ஷியல் எல்லாம் இருக்கின்றன. அவற்றில் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்பது ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து தெரியாது. பத்து டன் வண்டியை ஓட்டும்போது, நாற்பது அடி பின்னால் ஒரு டயர் வெடித்தாலும் ஸ்டியரிங்கில் ஒரு சிறு உதறல்கூட வராமல் போகலாம். இதில் நடக்கும் தவறுகள் எல்லாமே சத்தமில்லாமல் நடப்பவை. புகையைப் பார்க்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

முதல் தவறு வண்டி வாங்கும்போதே நடக்கிறது. 'நான்கு சக்கரமும் ஓடும் வண்டிதானே, இழுக்கலாம்' என்று நினைத்துவிடுகிறார்கள். ஹோண்டா சிஆர்-வி நெடுங்காலம் டிங்கிக்காரர்களுக்குப் பிடித்த வண்டி. 2014 மாடல் வரை நான்கு சக்கரத்திலும் இழுக்கலாம். 2015இல் கியர்பாக்ஸ் சிவிடியாக, அதாவது பெல்ட்டும் கப்பியும் கொண்ட ஆட்டோமேட்டிக்காக, மாறியதும் அந்த அனுமதி போய்விட்டது. பெயர் அதேதான், இடையில் ஒரே ஒரு வருடம். 2011 மாடலில் தொடங்கிய தலைமுறை ஜீப் கிராண்ட் செரோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குவாட்ரா-டிராக் 2 என்ற ஃபோர் வீல் டிரைவ் அமைப்பு பொருத்தியதில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு. அதே தோற்றமுள்ள குவாட்ரா-டிராக் 1 வண்டியில் அது கிடையாது, இழுக்கவே கூடாது. ஆட்டோமேட்டிக் சுபாரு எதையும் இப்படி இழுக்க முடியாது. ஆகவே விற்பவரின் வாய்வார்த்தையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த வருட, அந்த மாடல் கையேட்டில் 'ரெக்ரியேஷனல் டோயிங்' என்ற பக்கத்தைத் திறந்து, கையெழுத்துப் போடும் முன் நீங்களே படியுங்கள்.

அடுத்ததுதான் மிகப் பெரிய தவறு, நியூட்ரல் என்ற சொல்லில் வரும் குழப்பம். ஜீப் ராங்லரில் இரண்டு நியூட்ரல் இருக்கின்றன. ஒன்று கியர்பாக்ஸுக்கு, இன்னொன்று அதன் பக்கத்தில் உள்ள சின்ன லீவருக்கு, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு. கியரை மட்டும் நியூட்ரலில் போட்டுவிட்டு இழுத்தால் சக்கரம் சுற்றும்போது அதோடு சேர்ந்து கியர்பாக்ஸின் பின்தண்டும் சுற்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை ஏற்றி அனுப்பும் பம்ப் எஞ்சினால் ஓடுவது. எஞ்சின் அணைந்திருக்கிறது, பம்ப் நிற்கிறது, தண்டு மட்டும் எண்ணெய் இல்லாமல் மணிக்கணக்கில் சுற்றுகிறது. மாலை முகாம் சேரும்போது உள்ளே பேரிங்கும் புஷ்ஷும் கருகியிருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் கதை வேறு. சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் சிறிய பம்ப் பின்சக்கரத் தண்டோடு சேர்ந்து சுற்றுவதால், இழுபடும் வேகமே அதற்கு வேண்டிய எண்ணெயைக் கொடுத்துவிடும். பழைய ஜீப்புகளை இழுத்து இழுத்தே நாட்டைச் சுற்றியவர்கள் இந்த அமைப்பை நம்பித்தான் போனார்கள்.

பலர் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுபோன பிறகு, ஆட்டோமேட்டிக் கியரைப் பார்க்கில் வைக்க வேண்டும். மேனுவல் என்றால் ஏதாவது ஒரு கியரில். 'பார்க்கில் போட்டு இழுத்தால் உடையாதா?' என்று கேட்பார்கள். உடையாது, ஏனென்றால் தொடர்பு ஏற்கெனவே விட்டுப்போயிற்று. பார்க்கில் வைப்பதன் நோக்கம், டிரான்ஸ்ஃபர் கேஸில் சுழலும் எண்ணெயின் இழுவையில் கியர்பாக்ஸின் தண்டு மெல்லச் சுற்ற ஆரம்பிக்காமல் பிடித்து வைப்பது. பயந்துபோய் இரண்டையும் நியூட்ரலில் விடுபவர்கள் தங்கள் கையாலேயே கியர்பாக்ஸைக் கெடுக்கிறார்கள். இது ராங்லருக்கு உள்ள முறை. வேறு வண்டி என்றால் அதன் கையேடு சொல்வதுதான் சரி.

லீவர் 'என்' எழுத்தில் நிற்கிறது என்பதால் உள்ளே பல் விலகிவிட்டது என்று சொல்ல முடியாது. பாதியில் மாட்டியிருக்கலாம். சோதனை எளிது. எஞ்சின் ஓட, ரிவர்ஸில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து வினாடி பாருங்கள். பிறகு டிரைவில் போட்டு அதேபோல. வண்டி இம்மியும் அசையக்கூடாது. அசைந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் படி இதுதான். நான் எத்தனை நேரமானாலும் விடுவதில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் இதோடு சேர்ந்தே வருகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் கியர் வண்டியைப் பிடிக்காது. பார்க்கில்தான் இருக்கிறது என்று நம்பிச் சரிவில் டோ பாரின் (இரண்டு வண்டிகளையும் இணைக்கும் இரும்புத் தண்டு) ஊசியைக் கழற்றினால், இரண்டு டன் ஜீப் உருள ஆரம்பிக்கும். அதன் முன்னாலோ பின்னாலோ நிற்பது பெரும்பாலும் நம் வீட்டு ஆள்தான். கழற்றும் முன் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். மாட்டியபின் அதை விடுவிக்க மறக்காதீர்கள். விடுவிக்காமல் கிளம்பினால் பின்சக்கரம் சூடேறித் தீப்பிடிக்கும் வரை முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

முன்சக்கரங்களை மட்டும் டாலி என்ற இரு சக்கரச் சிறு டிரெய்லரில் ஏற்றி இழுப்பது முன்சக்கர டிரைவ் கார்களுக்கான வழி. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு அது வேண்டாம். பின்சக்கரம் தரையில் சுற்ற, முன்சக்கரம் நிற்க, நடுவில் உள்ளதெல்லாம் நசுங்கும்.

எடைக் கணக்கில் ஏமாறுபவர்களும் உண்டு. மோட்டார்ஹோமின் பின்னால் உள்ள ஹிட்ச் என்ற கொக்கியில் 5,000 பவுண்டு என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மோட்டார்ஹோமின் சொந்த எடைக்கு 22,000 பவுண்டு உச்சவரம்பு, இழுபடும் வண்டியோடு சேர்த்து 26,000 பவுண்டு உச்சவரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, பெட்டி படுக்கை, குடும்பம் எல்லாம் ஏறி அது 22,000ஐத் தொட்டுவிட்டால் மிச்சம் 4,000தான். நான்கு கதவு ராங்லர் அதைவிடக் கனம். ஹிட்ச், டோ பார், ஜீப்பின் முன்பக்கம் டோ பார் மாட்டும் பேஸ் பிளேட், மொத்த எடை வரம்பு இவற்றில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. பயணத்துக்குக் கிளம்பும் நாளில், முழுச் சுமையோடு, லாரிகள் எடைபோடும் மேடையில் ஏற்றிப் பாருங்கள். காகிதக் கணக்கு எப்போதும் குறைத்தே சொல்லும்.

டிங்கிக்குத் தனி பிரேக் வேண்டுமா என்ற கேள்விக்குப் பல மாநிலங்களின் சட்டம் எடையை வைத்துப் பதில் சொல்கிறது. ராங்லர் எடையுள்ள வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படும். சட்டத்தை விடுங்கள். கொலராடோவில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹவர் சுரங்கத்தைத் தாண்டி ஐ-70 நெடுஞ்சாலையில் இறங்கிப் பாருங்கள். மைல் கணக்கில் தொடரும் இறக்கத்தில் பின்னால் இரண்டு டன் சும்மா தள்ளிக்கொண்டு வந்தால் மோட்டார்ஹோமின் பிரேக் சூடேறிக் காலுக்குக் கீழே தொய்ந்துபோகும். ஜீப்பின் பிரேக் பெடலை அழுத்தும் பெட்டி போன்ற கருவிகள் கிடைக்கின்றன, நிரந்தரமாகப் பொருத்துபவையும் உண்டு. எதுவானாலும், ஜீப்பில் பிரேக் பிடித்திருக்கிறது என்று ஓட்டுபவருக்குக் காட்டும் விளக்கு இல்லாமல் வாங்காதீர்கள். கருவி தானாக அழுத்திக்கொண்டே நின்றால் அதுவும் ஹேண்ட் பிரேக்கை விடாத கதைதான். இணைப்பு அறுந்தால் ஜீப்பைத் தானே நிறுத்தும் பிரேக்அவே சுவிட்சின் கம்பியை டோ பாரில் கட்டக்கூடாது, மோட்டார்ஹோமில் கட்டவேண்டும். டோ பாரே கழன்றால் அதில் கட்டியது என்ன செய்யும்?

டோ பார் ஏறத்தாழ மட்டமாக நிற்க வேண்டும். மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் திடீர் பிரேக்கில் ஜீப் மோட்டார்ஹோமின் அடியில் புகப் பார்க்கும், இல்லை மேலே ஏறப் பார்க்கும். அதைச் சரிசெய்ய இறக்க அடாப்டர்கள் உண்டு. பாதுகாப்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டுங்கள்.

பின்னால் எடுக்காதீர்கள். டிரெய்லர் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். டிரெய்லரின் சக்கரம் திரும்பாது. ஜீப்பின் முன்சக்கரம் திரும்பும். பின்னோக்கித் தள்ளியதும் அது ஒரு பக்கமாக முழுக்க ஒடிந்து, ஜீப் குறுக்காகச் சறுக்கும், டோ பார் வளையும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் வெளியேறும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த பங்க்குக்குப் போங்கள். சிக்கிக்கொண்டால் கழற்றி, தனித்தனியாக எடுத்து, மீண்டும் மாட்டுவதுதான் வழி. பின்னால் நிற்கும் வண்டிகள் ஹார்ன் அடித்தாலும் சரி.

பேட்டரியைச் சொல்லியாக வேண்டும். ஸ்டியரிங் பூட்டாமல் இருக்கச் சாவியைத் திருப்பி வைக்கவேண்டிய வண்டிகளில் எட்டு மணி நேரப் பயணம் பேட்டரியைத் தீர்த்துவிடும். பிரேக் கருவியும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் கம்பி இழுத்துவிட்டால் தொல்லை இல்லை.

கிளம்பும்போது ஒருவர் வெளியே நிற்கட்டும். மோட்டார்ஹோம் இருபதடி மெல்ல நகரட்டும். ஜீப்பின் நான்கு சக்கரமும் சுற்றுகின்றனவா, விளக்குகள் எரிகின்றனவா என்று அவர் பார்த்த பிறகு ஏறிக்கொள்ளலாம். ஜீப் டயர்களுக்கும் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி போடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுவில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கேயே நின்று காரணத்தைத் தேடுங்கள். முகாம் சேர்ந்து கழற்றியபின், டிரான்ஸ்ஃபர் கேஸை 2எச்சுக்கு (வழக்கமான இரு சக்கர டிரைவ்) கொண்டுவந்து, டிரைவில் போட்டால் வண்டி முன்னால் இழுக்கிறதா, பார்க் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.