டிரைவ்-இன் பர்கர் வீட்டில் ஏன் சரியாக வருவதில்லை?

1948ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் டிரைவ்-இன் உணவகத்தைச் சில மாதங்கள் மூடினார்கள். கார் ஜன்னலுக்கே வந்து பரிமாறிய பணியாளர்களை நிறுத்தினார்கள், உணவுப் பட்டியலைப் பாதிக்கும் கீழே சுருக்கினார்கள், 15 சென்ட் பர்கரோடு மறுபடி திறந்தார்கள். ஒரு பவுண்டு இறைச்சியில் பத்துப் பர்கர்; ஒன்றுக்கு 45 கிராம்தான். அதே ஆண்டு அதே மாநிலத்தில், பால்ட்வின் பார்க்கில், ஸ்னைடர் தம்பதியர் இன்-அண்ட்-அவுட் கடையைத் தொடங்கினார்கள். காரில் அமர்ந்தபடியே ஒலிபெருக்கியில் சொல்லி வாங்கிப் போகலாம்.

அந்தப் பர்கரின் ருசி சிக்கனத்திலும் அவசரத்திலும் பிறந்தது. வீட்டில் செய்ய முனைகிறவர்களோ விலை உயர்ந்த கறி, பழைய செடார் சீஸ், வெண்ணெய் சொட்டும் பிரியோஷ் ரொட்டி என்று கடையையே மிஞ்சப் பார்க்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பர்கர்.

முதல் தவறு கறிக்கடையிலேயே நடந்துவிடுகிறது. கொழுப்பு வேண்டாம் என்று சொல்லி வாங்கும் மாட்டிறைச்சி கல்லில் வற்றிப்போய் மரத்தூளாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். தோள்பட்டைக் கறி இதற்குப் பொருத்தமானது. கொழுப்போடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கொழுப்புள்ள ஆட்டுக்கறியில் செய்யலாம், ஓரளவு அருகில் வரும். கோழியில் வராது.

அடுத்தது கை சும்மா இல்லாமை. அரைத்த கறியைக் கண்டதும் இஞ்சி பூண்டு விழுதும் பச்சை மிளகாயும் போடத் தோன்றுவது நம் வழக்கம். முட்டையும் ரொட்டித் தூளும் போடுவது மேற்கத்திய வீடுகளின் வழக்கம். இரண்டுமே கட்லெட்டுக்குத்தான் சரி. டிரைவ்-இன் பர்கரின் கறியில் கறியைத் தவிர எதுவும் கிடையாது. உப்பைக்கூட முன்னதாகக் கலக்கக் கூடாது. உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசைபோல் ஆக்கிவிடும். வெந்தபின் சாசேஜ் மாதிரி இழுவையாக, ரப்பர் தன்மையோடு இருக்கும். கல்லில் போட்ட பிறகு மேலே தூவினால் போதும். கறியைப் பிசையவும் வேண்டாம். உதிராத அளவுக்கு மட்டும் கூட்டி, 55 முதல் 60 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, சமைக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு உருண்டை. தடிமனான ஒரே கறிக்குப் பதில் மெல்லிய இரண்டு வைத்தால் மொறுமொறுப்பான பரப்பும் இரண்டு மடங்காகிறது.

இனி கல். பெரும்பாலான வீட்டுப் பர்கர்கள் தோற்பது இங்கேதான். நான்-ஸ்டிக் பாத்திரம் இதற்கு உதவாது. தேவைப்படும் சூட்டை அதன் பூச்சு தாங்காது. தாங்கினாலும் கறி அதில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். நமக்கோ ஒட்ட வேண்டும். கனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் தனியாக வேறு பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. எண்ணெய் விடாமல், லேசாகப் புகை எழும் வரை காய விடுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது, வீடு முழுக்கப் புகையும்.

குளிர்ந்த உருண்டையைக் கல்லில் வைத்ததும் அதன்மேல் ஒரு துண்டு வெண்ணெய்த்தாளைப் போட்டு, தட்டையான கரண்டியால் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். பத்து விநாடி விடாமல் அழுத்துங்கள். ரொட்டியைவிட ஒரு விரற்கடை அகலமாகப் பரவட்டும், வேகும்போது சுருங்கும். அழுத்துவதெல்லாம் முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகாமல் இருப்பதால் சாறு வெளியேறாது. அதற்குப் பிறகு, எண்ணெய் பொரியும் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் மீண்டும் மீண்டும் அழுத்துகிறவர்கள் சாற்றைப் பிழிந்து அடுப்பில் ஊற்றுகிறார்கள்.

ஒன்றரை நிமிடத்தில் ஓரங்கள் சல்லடைபோல் ஓட்டையிட்டுக் கரும்பழுப்பாகும். நடுவில் சிவந்த சாறு முத்து முத்தாக எழும்பும். அதுதான் திருப்பும் நேரம். தோசைத் திருப்பியின் கூரான விளிம்பைக் கல்லோடு படிய வைத்து, அடியில் பிடித்திருக்கும் பழுப்புப் படலத்தையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். பயந்து மேலாக நெம்பினால் படலம் கல்லிலேயே தங்கிவிடும், வெந்த சாம்பல் நிறக் கறி மட்டும் கையில் வரும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் அந்தப் படலத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். ஒரே நேரத்தில் நான்கைந்து உருண்டைகளைப் போட்டுக் கல்லைக் குளிர வைத்தாலும் அது உருவாகாது. இரண்டிரண்டாகப் போடுங்கள்.

இன்-அண்ட்-அவுட்டில் கடுகு சாஸ் தடவி வேகவைக்கும் 'அனிமல் ஸ்டைல்' பர்கர் பிடித்தவர்கள், திருப்புவதற்கு முன் வேகாத பக்கத்தில் மஞ்சள் கடுகு சாஸைத் தடவிவிட்டுத் திருப்ப வேண்டும். வெந்த பிறகு தடவினால் பச்சைக் கடுகின் நெடிதான் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள எல் ரீனோ ஊரில் வெங்காயத்துக்கு வேறு கதை. கறிக்குக் காசு போதாத காலத்தில் அதைப் பெருக்கிக் காட்டுவதற்காக அங்கே பிடித்துக்கொண்ட முறை அது. தாள்போலச் சீவிய வெங்காயத்தைக் கறியின் மேல் குவித்து, கறிக்குள்ளேயே அழுத்தித் திருப்பிவிடுவார்கள். கறிக்கொழுப்பில் வெந்து இனிப்பாகும். இந்த முறையில் செய்பவர்கள் வெங்காயத்தைப் பருமனாக அரிந்து கெடுக்கிறார்கள். கறி வெந்துவிடும், வெங்காயம் நறுக் நறுக்கென்று பச்சையாகவே இருக்கும்.

சீஸ் விஷயத்தில் கௌரவம் பார்க்க வேண்டாம். நாள்பட்ட செடார் சூட்டில் கொழுப்பு வேறு, கட்டி வேறாகப் பிரிந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வரும் மெல்லிய பதப்படுத்திய சீஸில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் இருப்பதால் அது பிரியாமல் வழுவழுப்பாக உருகும். கறியைத் திருப்பிய உடனே மேலே வையுங்கள். அடுத்த முக்கால் நிமிடத்தில் கறியும் வெந்துவிடும், சீஸும் படிந்துவிடும்.

'உள்ளே கொஞ்சம் சிவப்பாக இருக்கட்டும்' என்பது ஸ்டேக்குக்குப் பொருந்தும் பேச்சு. அரைக்கும்போது வெளிப்புறக் கிருமிகள் உள்ளே கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கரால் ஈ.கோலை பரவி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். இவ்வளவு மெல்லிய கறியில் அது தானாகவே நடந்துவிடும்.

சாஸுக்கு மயோனைஸ் நான்கு கரண்டி, கெட்சப் ஒன்றரை, பொடியாக நறுக்கிய இனிப்பு வெள்ளரி ஊறுகாய் ஒரு கரண்டி, மேலே சில சொட்டு வினிகர். வினிகரை விட்டுவிடுகிறவர்கள்தான் 'ஏதோ குறைகிறது' என்பார்கள்.

ரொட்டி மென்மையாக, இனிப்புக் குறைவாக இருந்தால் போதும். பக்கத்துப் பேக்கரி பன்னே சரிதான், டூட்டி ஃப்ரூட்டி மட்டும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய பக்கத்தை வெண்ணெயில் வாட்டாமல் விட்டால் சாஸை உறிஞ்சிக் கூழாகிவிடும். லெட்டூஸை ஈரம் போகத் துடைத்து, தக்காளியோடு கறிக்குக் கீழே வைக்க வேண்டும். வழியும் சாற்றை அது தாங்கிக்கொள்ளும், அடி ரொட்டி நனையாது.

கடைசியில் எல்லோரும் தவறவிடுவது ஒரு துண்டு தாள். கடையில் பர்கரைத் தாளில் சுற்றித்தான் தருகிறார்கள். அந்தச் சூட்டிலும் ஆவியிலும் ரொட்டி இளகி, சீஸ் கறியோடு ஒட்டி, எல்லாம் ஒன்றாகப் படிகிறது. வெண்ணெய்த்தாளில் இறுக்கிச் சுற்றி இரண்டு நிமிடம் வையுங்கள். ஐந்து நிமிடம் விட்டால் மொறுமொறுப்பு போய்விடும்.