மரத்தூளின் வெப்பச் சிதைவில் வினையூக்கி என்ன செய்கிறது: டிஜிஏ வரைபடத்தில் பார்க்கும் முறை

டிஜிஏ (சூடேறும்போது மாதிரியின் எடை குறைவதை அளக்கும்) கருவியை இயக்கத் தெரியும், ஆனால் வினையூக்கி சேர்த்ததும் வரைபடம் குழப்புகிறது என்பவர்களுக்காக இது. மரத்தூளையும், வினையூக்கியாகப் பொட்டாசியம் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் தூளைக் கழுவுங்கள். தாவரத்தில் பொட்டாசியமும் கால்சியமும் இயல்பாகவே உண்டு. அவையும் சிதைவைத் தூண்டுபவைதான். கழுவாத தூளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மங்கித் தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அலசிய நீர் நடுநிலைக்கு வரும்வரை வாலைவடிநீரால் அலசி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள். அமிலத்தைச் சூடாக்க வேண்டாம், மரத்தின் ஒரு பாகமான ஹெமிசெல்லுலோஸையே அரித்துவிடும்.

அப்புறம், பொட்டாசியம் கார்பனேட் உப்பை நீரில் கரைத்துத் தூளை ஊறவைத்து, வடிகட்டாமல் நீரை ஆவியாக்குங்கள். வடிகட்டினால் எவ்வளவு உப்பு தூளில் தங்கியது என்ற கணக்கு கைவிட்டுப் போகும். ஒப்பீட்டுத் தூளையும் வெறும் நீரில் ஊறவைத்து இதேபோல் உலர்த்துங்கள். இரண்டையும் உலர்நிலையில் சேர்த்து அரைத்தால் வேலை சுலபம்தான், ஆனால் உப்பு சீராகப் பரவும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அலுமினா மூசையில் 5 முதல் 10 மில்லிகிராம் போதும். நைட்ரஜன் ஓட்டத்தில் 110 டிகிரியில் சற்று நிறுத்தி, பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 600 வரை ஏற்றுங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே வேகம்: வேகம் கூடினாலே டிடிஜி வரைகோட்டின் (எடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று காட்டுவது) முகடு வலப்பக்கம் நகரும், வினையூக்கிக்கு அதில் பங்கில்லை.

சரி, சிக்கலான இடம் இதுதான். கருவி காட்டும் சதவீதம் உப்பையும் சேர்த்த எடைக்கானது. 110 டிகிரியில் ஈரம் போனபின் 10 மில்லிகிராம் இருக்கிறது, அதில் உப்பு 1 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் 3.7 மிஞ்சினால் கரி 37 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த 1 மில்லிகிராம் உப்பு 600 டிகிரியிலும் பெரும்பாலும் மூசையிலேயே கிடக்கிறது. அதைக் கழித்தால் 2.7, மரத்தூள் 9, ஆக 30 சதவீதம்தான். டிடிஜி வரைகோட்டையும் மரத்தூளின் எடையால் வகுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தூளின் பங்கு குறைந்ததாலேயே முகடு தாழ்ந்து தெரியும். ஈரத்தை இழுக்கும் உப்பு இது, அதனால் தொடக்க எடையாக 110 டிகிரி எடையைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள்.

இனி வரைபடம். கழுவிய தூளில் ஹெமிசெல்லுலோஸ் ஏறத்தாழ 220–315 டிகிரியில் தோள்போலவும், செல்லுலோஸ் 315–400 டிகிரியில் கூர்முகடாகவும் தெரியும். லிக்னின் நீண்ட வாலாக இழுபடும். பொட்டாசியம் சேர்ந்ததும் செல்லுலோஸ் முகடு இடப்பக்கம் நகர்ந்து தோளோடு கலக்கத் தொடங்கும், கரியும் கூடும். செல்லுலோஸ் லெவோகுளுகோசான் என்ற சர்க்கரைச் சேர்மமாக ஆவியாகும் பாதை குறைந்து, சர்க்கரை வளையம் உடைவதும் நீரிழப்பும் முந்திக்கொள்வதே காரணம்.

பின்சேர்க்கை: இசட்எஸ்எம்-5 (நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் வகை வினையூக்கி) சேர்த்தும் வரைகோடு அசையவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அசையாதது இயல்புதான். அதன் துளைகள் சுமார் 0.55 நானோமீட்டர், செல்லுலோஸ் சங்கிலி உள்ளே நுழையாது. வெளியேறும் ஆவியில்தான் அதன் வேலை: ஆக்சிஜனை நீக்கி அரோமாட்டிக் சேர்மங்களாக்கும். அதை எடையிழப்பில் தேடாமல், ஆவியை வாயு நிறப்பகுப்பி–நிறை நிறமாலைமானிக்கு அனுப்பிப் பாருங்கள். ஜியோலைட்டில் தங்கும் நீர் 110 டிகிரியில் முழுதாகப் போகாது என்பதால், கலக்கும் முன் 550 டிகிரியில் சுட்டு, ஈரம் புகாத டெசிக்கேட்டர் கலனில் ஆறவிடுங்கள்.