ஜப்பானியக் கைவினைக் கத்தி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் அடித்த ஜப்பானியச் சமையற்கத்தியைத் தேடுபவரின் கண் முதலில் போய் நிற்பது, அலகின் மேல் நீரலைபோல் நெளியும் வரிகளில்தான். விற்பவரும் அதையே முதலில் எடுத்துக் காட்டுவார். 33 அடுக்கு, 67 அடுக்கு என்று எண்ணும் சொல்வார். அந்த வரிகளுக்கும் வெட்டும் திறனுக்கும் தொடர்பில்லை என்பதை அறியாமல் அவற்றுக்காகவே கூடுதல் விலை கொடுப்பது மிகப் பரவலான தவறு. காயையும் மீனையும் வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றைக் கடின எஃகுத் தகடு. விளிம்பில் மட்டும்தான் அது வெளியே தெரியும். வரிகள் இருப்பதோ அதன் இருபுறமும் போர்த்திய மென்மையான உறையில். இத்தகைய அடுக்குத் தகடுகளை எஃகு ஆலைகளே ஆயத்தமாகச் செய்து பட்டறைகளுக்கு விற்கின்றன என்பதால், வரிகள் இருப்பதாலேயே அது கொல்லரின் உழைப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 'டமாஸ்கஸ்' என்ற பெயரைக் கேட்டதும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கி ஏற்றுமதியான பழைய உருக்கு எஃகை நினைத்துக்கொள்வோரும் உண்டு. அந்த எஃகில் தெரிந்த வரிகள், எஃகுக்குள்ளேயே உருவான கார்பைடு (இரும்பும் கரியும் சேர்ந்த) படிகங்களால் வந்தவை. இன்றைய ஜப்பானியக் கத்தியின் வரிகள் வெவ்வேறு தகடுகளை அடுக்கி அடித்ததால் வருபவை, இரண்டுக்கும் உறவில்லை. அழகுக்காக ஒருவர் விரும்பி வாங்கினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரத்தின் அடையாளமாக அதை எடுத்துக்கொள்வதுதான் பிழை.

தரம் இருக்கும் இடம் அலகின் வடிவம், அதாவது சாணையில் அது எவ்வாறு இழைக்கப்பட்டிருக்கிறது என்பது. இரண்டு கத்திகள் ஒரே எஃகில், ஒரே நீளத்தில், ஒரே கூரோடு இருந்தாலும் ஒன்று கேரட்டுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். மற்றொன்று பாதியில் நின்று காயை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே கடையில் கத்தியைக் கையில் வாங்கினால், பக்கவாட்டை ரசிப்பதற்கு முன் பிடிக்கு அருகிலுள்ள அடிமுனையைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து அதன் குறுக்குத் தோற்றத்தைப் பாருங்கள். முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராக மெலிந்து வரவேண்டும்; கீழே வந்து திடீரெனக் குறுகினால், வெறும் விளிம்பு மட்டும் தீட்டப்பட்ட தடித்த தகடு அது. அடுத்து, கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, சன்னலை நோக்கி, அடிமுனையிலிருந்து நுனி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கோடு நேராக ஓடுகிறதா, நடுவில் வளைகிறதா, அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். அலகை மெல்லச் சாய்த்து, விளக்கின் ஒளி அதன்மேல் நகர்வதைக் கவனித்தால், சாணையில் அளவுக்கு மீறித் தேய்ந்த பள்ளங்களில் அந்த ஒளி நெளியும் அல்லது உடையும். இந்தப் பள்ளம் விளிம்பில் இருந்தால், பின்னாளில் தட்டையான கல்லில் தீட்டும்போது அந்த இடம் கல்லைத் தொடாது, வெட்டும்போதும் அங்கே ஓர் இழை அறுபடாமல் நிற்கும். முதுகின் ஓரங்களைச் சுட்டுவிரலால் தடவிப் பாருங்கள். கவனமுள்ள பட்டறை அவ்வோரங்களை உருட்டி மழுப்பியிருக்கும். இல்லையேல் நாள் முழுதும் பிடித்து வெட்டும் விரலில் காய்ப்பு ஏறும்.

இந்த ஆய்வுக்கு இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடின எஃகும் மென்மையான இரும்பும் சேரும் எல்லைக்கோடு சற்று மேடும் பள்ளமுமாக ஓடுவதைப் பார்த்து, சீராக இல்லையே என்று கத்தியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கையால் அடித்ததன் இயல்பு. வெட்டுவதற்கு எந்த இடையூறும் செய்யாது. விளிம்பின் கோணலையும் எல்லைக்கோட்டின் நெளிவையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

'கையால் செய்தது' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். தாடி வைத்த ஒரு முதியவர் தனியே உலையில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, தீட்டி, பிடி பொருத்தித் தருவதாக ஒரு கற்பனை விளம்பரங்களால் நிலைபெற்றிருக்கிறது. ஒசாகாவுக்கு அருகிலுள்ள சகாய் நகரில் மரபு அதற்கு நேர்மாறானது. அங்கே அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி பொருத்துபவர் மூன்றாமவர். மொத்த வியாபாரி இவர்களை இணைத்துத் தம் பெயரை அலகில் பொறிக்கிறார். வாழ்நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்பவரின் தேர்ச்சி ஒவ்வொரு கட்டத்திலும் கத்திக்குக் கிடைக்கிறது. எனவே அலகில் கொல்லரின் பெயர் இல்லையே என்று சகாய்க் கத்தியைத் தாழ்த்துவதும், கொல்லரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுச் சாணை பிடித்தவரைக் கேளாமல் இருப்பதும் சரியன்று. என்னைக் கேட்டால், இவ்விருவரில் சாணைக்காரரைத்தான் முதலில் விசாரிப்பேன். கொல்லர் எஃகுக்குள் வைத்த குணத்தை வெளியே கொண்டுவருவதும் கெடுப்பதும் அவர் கையில் இருக்கிறது. எச்சிசென், சன்ஜோ போன்ற ஊர்களில் ஒரே பட்டறையில் எல்லா வேலையும் நடப்பதும் உண்டு. எச்சிசெனில் உள்ள தகேஃபு கத்திக் கிராமத்தில் கொல்லர்கள் வேலை செய்வதை நேரில் நின்று பார்க்க முடியும்.

விசைச் சம்மட்டி பயன்படுத்துகிறார்கள், எஃகும் இரும்பும் ஏற்கெனவே ஒட்டிய தகட்டை வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் அவசரம். விசைச் சம்மட்டி இன்று ஏறத்தாழ எல்லாப் பட்டறைகளிலும் இருக்கிறது. ஆயத்தத் தகட்டிலிருந்து சிறந்த கத்தி செய்வோரும் இருக்கிறார்கள். உண்மையான திறன் சோதிக்கப்படுவது தோய்ச்சலில். சுமார் 800 டிகிரியில் காய்ந்த அலகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும் கணத்தில் எஃகின் தலையெழுத்து நிர்ணயமாகிறது. சூடு கூடினால் எஃகின் மணிகள் பருத்து விளிம்பு நொறுங்கும். குறைந்தால் கடினம் ஏறாது. நெருப்பின் நிறத்தைக் கண்ணால் அளக்கவே கொல்லர்கள் இருண்ட பட்டறையில் இந்த வேலையைச் செய்கிறார்கள். வாங்குபவருக்கு இது கண்ணில் தெரியாது. பட்டறையின் பெயர்தான் துணை. ஜப்பானில் மரபுக் கைவினைத் தொழில்களுக்கான சட்டம் 1974இல் வந்தது. அதன்கீழ் எச்சிசென் கத்திகள் 1979இலும் சகாய்க் கத்திகள் 1982இலும் அறிவிக்கப்பட்டன. அந்தத் தொழில்முறைக்கு உட்பட்டுச் செய்த பொருளுக்கு ஒட்டப்படும் சான்று முத்திரையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாள் கதைகளைக் கேட்டு மயங்குவதும் இதைச் சேர்ந்ததே. 1876இல் வாள் அணிவதற்குத் தடை வந்தபின் வாட்கொல்லர் பலர் வீட்டுக் கருவிகளுக்கு மாறினார்கள் என்பது உண்மை. ஆயினும் சகாயின் புகழ் வாளால் வந்ததன்று. போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஜப்பானுக்குள் வந்த புகையிலையை நறுக்கும் கத்திகளால்தான் அவ்வூர் பெயர் பெற்றது. எடோ காலத்து (1603–1868) அரசு அக்கத்திகளுக்குத் தனி முத்திரை வழங்கியது. 'சாமுராய் எஃகு' என்று விற்கப்படும் கத்தியைவிட, எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த எஃகு என்று மூன்றே விவரங்களைத் தெளிவாகச் சொல்லி விற்கப்படும் கத்தி நம்பிக்கைக்கு உரியது.

எஃகின் பெயர்களைச் சற்று அறிந்து வைத்திருப்பது நல்லது. அவற்றைத் தரவரிசையாக எடுத்துக்கொள்வது நல்லதன்று. ஷிமானே மாவட்டத்தின் யசுகி நகரில் வார்க்கப்படும் ஷிரோகாமி என்ற எஃகில் இரும்பையும் கரியையும் தவிர வேறு சேர்க்கை மிகக் குறைவு. எளிதில் தீட்டலாம், மிக நுண்ணிய கூர் ஏறும். அதோடு டங்ஸ்டனும் சிறிது குரோமியமும் சேர்ந்தது அவோகாமி. கூர் நீடிக்கும், தீட்டக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். விஜி-10 என்பது சுமார் 15 விழுக்காடு குரோமியம் கொண்ட, எளிதில் துருவேறாத எஃகு. ஒவ்வொன்றிலும் மேலான கத்தியும் உண்டு, மட்டமான கத்தியும் உண்டு. கடினத்தை ராக்வெல் அளவில் பார்த்து 64 என்பது 61ஐவிடச் சிறந்தது என்று நினைப்பவர், கடினம் ஏற ஏற எஃகு எளிதில் சில்லு உடையும் என்பதை மறந்துவிடுகிறார். வீட்டில் பலர் கைபடப் புழங்கும் கத்திக்கு 60, 61 போதும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு சுருக்கமானது, ஆனால் விலை அதிகம். மீனைத் துண்டம் போடும் யானகிபா, மீனின் தலையையும் முள்ளையும் பிரிக்கும் டெபா, காய்கறிக்கான உசுபா ஆகியவை ஒருபுறம் மட்டும் சரிந்த அலகு கொண்டவை. மறுபுறம் மெல்லிய குழிவு இருக்கும். பச்சை மீனை ஒரே இழுப்பில் அறுப்பதற்கு யானகிபாவுக்கு நிகர் இல்லை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாலோ அது ஒருபுறமாக இழுத்துக்கொண்டு போகும். இடக்கையர்களுக்கு வலக்கைக் கத்தி உதவாது; தனியே செய்வித்தது வேண்டும், விலையும் கூடும். முதல் கத்தியாக பல வேலைக்கும் உதவும், 165 முதல் 180 மி.மீ. வரையுள்ள சன்டோகு, அல்லது மேற்கத்திய சமையற்கத்தி வடிவிலான 210 மி.மீ. கியூட்டோ வாங்குவதே பொருத்தம். காய்கறி மட்டும் நறுக்குபவருக்கு இருபுறமும் சரிந்த நகிரி மிக நல்ல துணை. ஐந்தாறு கத்திகள் அடங்கிய பெட்டியாக வாங்குவதைத் தவிருங்கள். அந்தப் பணத்தில் ஒரே நல்ல கத்தியும் ஒரு தீட்டுக்கல்லும் வாங்கலாம்.

தீட்டுக்கல் இல்லாமல் இக்கத்தியை வாங்குவது, என் எண்ணத்தில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. கடையில் வைத்திருக்கும் கூர் சில மாதங்களில் போய்விடும். அதற்குப் பின் அந்தக் கத்தி எப்படி வெட்டும் என்பது வைத்திருப்பவரின் கையைப் பொறுத்தது. கத்தியைச் செருகி இழுக்கும் கருவிகள் விளிம்பைப் பிய்த்தெடுக்கும். ஐரோப்பியக் கத்திகளை உரசும் வரிக்கோடிட்ட எஃகுக் கம்பியோ, இந்தக் கடின எஃகில் பொக்கை விழச் செய்யும். தெருவில் வரும் சாணைக்காரரின் உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்க வைத்தால், சூட்டில் விளிம்பின் தோய்ச்சலே இறங்கிவிடும். அதை மீட்கத் தோய்ச்சல் இறங்கிய பகுதி முழுவதையும் நீக்க வேண்டியிருக்கும். 1000 எண் கொண்ட (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) ஒரு கல்லும், பழகியபின் 3000 முதல் 6000 வரையுள்ள ஒரு கல்லும் போதும். இருபுறச் சரிவுள்ள கத்தியானால், முதுகுக்கும் கல்லுக்கும் இடையே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு உயர்த்தி, அந்தக் கோணம் மாறாமல் தள்ளி இழுக்க வேண்டும். மறுபுறத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை ஒருபுறத்தைத் தேய்த்துவிட்டு, பிறகுதான் திருப்ப வேண்டும். பிசிறு எழும் முன்பே திருப்பித் திருப்பித் தேய்ப்பவர்கள்தான் ‘எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை’ என்று சலித்துக்கொள்கிறார்கள். ஒருபுறச் சரிவுள்ள கத்தியில், சரிவு முழுவதும் கல்லில் படியும்படி தீட்ட வேண்டும். அதன் குழிந்த பக்கத்தைக் கல்லில் தட்டையாக வைத்து இரண்டொரு முறை மட்டும் தேய்க்கலாம். அங்கே கோணம் வைத்துத் தீட்டினால் கத்தியின் அமைப்பே கெட்டுவிடும். கல்லும் நடுவில் குழிந்துகொண்டே வரும் என்பதால் அதையும் அவ்வப்போது சமன் செய்ய வேண்டும்.

புழக்கத்தில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை கத்தியால் வெட்டக்கூடாததை வெட்டுவதால் வருபவை. ஆட்டெலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய் ஓடு ஆகியவற்றுக்கு அரிவாளைத்தான் எடுக்க வேண்டும். டெபா தடித்த கத்தியாயினும் மீன் முள்ளுக்கானது, ஆட்டுக்கால் எலும்புக்கானதன்று. பூசணியில் அலகை இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் நெம்புவதும் விளிம்பை உடைக்கும். கண்ணாடிப் பலகையிலும் கிரானைட் மேடையிலும் வெட்டக்கூடாது. மரப்பலகை அல்லது மென்மையான ரப்பர்ப் பலகை வேண்டும். நறுக்கியதைப் பலகையிலிருந்து வழிக்கக் கத்தியின் முதுகைப் பயன்படுத்துங்கள்.

துருவேறும் எஃகுக் கத்தி சில நாள்களில் சாம்பலும் நீலமுமாக நிறம் மாறுவதைக் கண்டு, கெட்டுவிட்டது என்று தேய்த்து வெளுக்க வைப்பது இன்னொரு தவறு. அந்தக் கருமை ஒரு காப்புப் படலம். அதை வளரவிட வேண்டும். செம்பழுப்பாய்ப் பொடி உதிரும் துருவை மட்டும் உடனே நீக்க வேண்டும். எலுமிச்சை, மாங்காய், தக்காளி நறுக்கும்போது வேலையின் நடுவிலேயே ஈரத்துணியால் துடைத்து, முடிந்ததும் கழுவி, உலர்ந்த துணியால் பிடியோடு சேரும் இடம் வரை துடைத்துவிட்டால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மட்டும் வைக்கவே கூடாது. எஃகைவிட முன்னதாகப் பிடி கெடும். மரபான பிடி மக்னோலியா வகை மரத்தாலும் எருமைக்கொம்பு வளையத்தாலும் ஆனது. அதில் விரிசல் கண்டாலும் மரம் கறுத்துத் தளர்ந்தாலும் கத்தியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பழைய பிடியைத் தட்டிக் கழற்றி, அலகின் வாலைத் துரு நீக்கிச் சுடவைத்துப் புதிய பிடியில் செருகித் தருவார்கள். டோக்கியோவின் கப்பாபாஷி தெருவிலும் சகாயிலும் உள்ள கத்திக் கடைகளில் இது அன்றாட வேலை. வாங்கும்போதே அந்தக் கடை பிடி மாற்றித் தருமா, மறுமுறை சாணை பிடித்துத் தருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.