முத்துப்பேட்டை காயல், கொடியம்பாளையம்: ஏற்றம் பார்த்துப் போவது எப்படி?

தீவு என்றதும் நீலத் தண்ணீர், வெள்ளை மணல், பவளப்பாறை என்று நினைத்துக்கொண்டு டெல்டாவில் கிளம்பினால் ஏமாற்றம்தான். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் உருவான கரை இது. தண்ணீர் கலங்கல், தரை சேறு. ஆனால் கூட்டமில்லாத கரையும், படகில் மட்டுமே எட்டக்கூடிய காட்டுத் திட்டுகளும் வேண்டுமென்றால், திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை காயல் (கடலை ஒட்டிய ஆழமற்ற உப்பங்கழி) இருக்கிறது; கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் கொடியம்பாளையம் இருக்கிறது.

முதலில் மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். வயல்களில் வடிந்த தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் பாமணியாறு, கோரையாறு வழியாகக் காயலுக்குத்தான் வந்து சேரும். (நாம் போட்ட உரமும் கூடவே வரும்.) மழைக்காலத்தில் போவது வீண் வம்பு, கஜா புயல் இந்தக் கரையை அடித்தது 2018 நவம்பர் 16இல். வாடை அடங்கிய தை, மாசியில் காயல் நிரம்பியிருக்கும், வலசை வந்த பூநாரையும் உள்ளானும் இருக்கும். சித்திரைக்குப் பிறகு பறவைகள் கிளம்பிவிடும், வெயில் மட்டும் மிஞ்சும்.

காயலைச் சுற்றியுள்ள அலையாத்திக் காடு (மாங்குரோவ் காடு) வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. கோடியக்கரை சரணாலயத்தோடு சேர்த்து 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்ற ஈரநிலம் இது. அதனால் முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றின் வழியே காயலுக்குப் போக வேண்டும். வாடகை பேசும்போது தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். காயலில் எத்தனை மணி நேரம் நிற்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். காயலை ஊரில் ‘லகூன்’ என்பார்கள். அதுவரை போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் ஆற்றிலேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டித் திருப்பிவிட வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் (ஏற்றம்) வடிவதும் (வற்றம்). ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளைக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். காயல் பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை. படகுக்கு ஏற்றம் வேண்டும். பறவைக்கோ வற்றம் வேண்டும், ஏனென்றால் சேற்றுத் திட்டு வெளியே தெரிந்தால்தான் அவை இரை தேடி இறங்கும். இரண்டுக்கும் பொதுவான நேரம், வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் வேளை. அப்போது உள்ளே போங்கள். திட்டுகள் சுருங்கச் சுருங்கப் பறவைகள் ஓரிடத்தில் கூடும். படகு தரை தட்டினாலும் ஏறும் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை மணிக்கணக்கில் வெயிலில் உட்கார வேண்டியதுதான். முந்தைய நாள் மாலையே படகுத்துறையில் மறுநாள் ஏற்றம் எப்போது என்று கேட்டு, அதற்கேற்பக் காலைப் புறப்பாட்டை வையுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் திறந்த காயலில் அலை எழும்பி, திரும்பும்போது எல்லோரும் நனைவார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்றம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி ஆகாது என்பார்கள். குழந்தைகளோடு காயலுக்குப் போக அதுவே தோது.

படகில் ஓர் ஆள் கூடினாலும் அடிப்பகுதி இன்னும் தாழும், அதனால் நெருக்கியடித்து ஏறாதீர்கள். ஓடும்போது எஞ்சினின் பின்புறம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும். அது நின்றுபோனால் உறிஞ்சு துளையில் சேறு அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே படகுக்காரரிடம் சொல்லுங்கள். விட்டால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும், பிறகு கம்பு ஊன்றித் தள்ளித்தான் கரை சேர வேண்டும்.

ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், தொப்பி, பின்வார் உள்ள செருப்பு, மாற்றுத் துணி, ஆதார் அட்டை. வாரில்லாத செருப்பைச் சேறு முதல் அடியிலேயே பிடுங்கிக்கொள்ளும். கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காமல், குதிகாலை மெல்ல ஆட்டித் தளர்த்தி, பாதத்தைச் சாய்த்து எடுங்கள். ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே போங்கள். மணலில் பதுங்கிய திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும். திருக்கையோ கெளுத்தியோ குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

காட்டுக்குள் கை வைக்கும் முன் மரத்தைப் பாருங்கள். அலையாத்தியின் அடியில் பென்சில் நட்டது போல மூச்சுவேர்கள் நிற்கும், இலையில் உப்புப் பூத்திருக்கும், அதைத் தொடலாம். முதிர்ந்த இலைகள் சிவந்து, ஒடித்தால் பால் வடிகிற மரம் தில்லை. அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போங்கள்.

மணற்கரைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கொடியம்பாளையம். மயிலாடுதுறை மாவட்டத்து ஊர்தான், ஆனால் சாலை வழியாகப் போவதென்றால் சிதம்பரம் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பழையாறு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து படகிலும் கடக்கலாம். திரும்பும் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். இது மீனவர் ஊர், சுற்றுலாத்தலம் அல்ல. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், காயும் வலையை மிதிக்காதீர்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். குளிப்பதென்றால் முகத்துவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். வற்றும் நேரத்தில் ஆற்றின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கடலுக்குள் கொண்டுபோகும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இருட்டிய பிறகு மணலில் டார்ச் அடிக்கவோ நெருப்பு மூட்டவோ கூடாது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.