ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் குறைந்துவிட்டது: பணத்தையும் தாமதத்துக்கான இழப்பீட்டையும் வாங்குவது எப்படி?

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஏடிஎம்மில் என் அத்தை 5,000 ரூபாய் எடுக்கப் போனார். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது, பணம் வெளியே வரவில்லை. கணக்கிலிருந்து 5,000 எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் மட்டும் வந்தது. மறுநாள் கிளையில் போய்க் கேட்டால், "தானா வந்துடும்மா, கொஞ்ச நாள் பொறுங்க" என்றார்கள். 3ஆம் தேதி போன பணம் 21ஆம் தேதி திரும்பி வந்தது. அத்தைக்கு நிம்மதி, எனக்கோ கோபம். அந்தத் தாமதத்துக்காக வங்கி அவருக்கு 1,300 ரூபாய் தர வேண்டியிருந்தது. அதைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த 1,300 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலை எல்லாம் சுலபம். 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இதையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கியே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதுதான் விதி.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றால் பல வங்கிகள் தாமாகவே அபராதத்தைக் கழித்துக்கொள்கின்றன. கடன் தவணை ஒரு நாள் தவறினாலும் அப்படித்தான். அதே வேகம் வங்கி தவறு செய்யும்போதும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை இல்லை. பணம் திரும்பி வந்ததும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிட்டால், தாமதத்தால் வங்கிக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். அதனால்தான் 100 ரூபாயாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

படி 1: இயந்திரத்தை விட்டு உடனே நகராதீர்கள்

சில நேரம் இணைப்பு மெதுவாக இருந்து, ஒரு நிமிடம் கழித்துப் பணம் வெளியே வரும். நீங்கள் போய்விட்டால் அது அடுத்தவர் கைக்குப் போகும். திரை பழைய நிலைக்குத் திரும்பும்வரை நில்லுங்கள். ரசீது வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணைப் போனில் படம் எடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர் "நான் பார்க்கிறேன்" என்று கார்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

படி 2: யாரிடம் புகார்?

இங்கேதான் நிறைய பேர் அலைகிறார்கள். ஏடிஎம் ஒரு வங்கியுடையது, கார்டு வேறு வங்கியுடையது என்றால், புகார் எப்போதும் கார்டு கொடுத்த வங்கியிடம்தான். இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு. "அது எங்க மெஷின் இல்லையே, அங்க போய்க் கேளுங்க" என்று உங்கள் வங்கி சொன்னால், அதை ஏற்காதீர்கள்.

அன்றைக்கே கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்களை அங்கே பரப்பி வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிப் போட உங்கள் பின் எண்ணோ ஓடிபியோ யாருக்கும் தேவையில்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

படி 3: எழுத்தில் கொடுங்கள்

போனில் பேசியது காற்றோடு போய்விடும். பிறகு மேல்முறையீட்டுக்குப் போனால் காட்ட வேண்டியது காகிதம்தான். கிளைக்கு ஒரு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் போதும். நான் அத்தைக்காக எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என் கணக்கு எண் (கடைசி நான்கு இலக்கம்) ____. ____ தேதி, ____ மணிக்கு, ____ எண்ணுள்ள ஏடிஎம்மில் ____ ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிக்கப்பட்டது. உங்கள் புகார் எண் ____. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி தொகையைத் திருப்பிச் செலுத்தவும், 5 நாட்களுக்கு மேலான தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் புகார் முடியும்வரை அந்த நேரத்துக்குரிய கேமரா பதிவையும் இயந்திரத்தின் மின்னணுப் பதிவேட்டையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேமரா பதிவுகள் காலவரையின்றி இருப்பதில்லை.

மனுவைக் கொடுக்கும்போது கவுன்டரில் இருப்பவர் மேல் கோபப்பட வேண்டாம். இந்தச் சுற்றறிக்கை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கும் அதுதான் நடந்தது. அந்தப் பெண் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு, தானே மேலாளரிடம் எடுத்துப் போனார்.

படி 4: நாளை எண்ணுங்கள்

பணம் கழிந்த நாளைப் பூஜ்ஜியமாக வையுங்கள். அத்தை விஷயத்தில் அது 3ஆம் தேதி. ஐந்தாம் நாள் 8ஆம் தேதி. 9 முதல் 21 வரை 13 நாட்கள், அதாவது 1,300 ரூபாய். ஞாயிறு, விடுமுறை என்று கழிக்கத் தேவையில்லை, காலண்டர் நாட்கள்தான் கணக்கு.

யூபிஐக்கும் இதே சுற்றறிக்கை பொருந்தும். ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், கெடு இன்னும் குறைவு, அடுத்த ஒரே நாள். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லை என்றால் 5 நாள். தாண்டினால் இரண்டுக்குமே நாளுக்கு 100 ரூபாய்.

பணம் வந்த பிறகு பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். இழப்பீடு தனி வரியாக வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கென்றே இன்னொரு மனு. அசல் தொகை வந்துவிட்டதால் உரிமை முடிந்துவிடுவதில்லை.

படி 5: "பணம் வந்ததாகத்தான் பதிவு இருக்கிறது" என்று மறுத்தால்

பலரும் இந்தப் பதிலைக் கேட்டதும் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் இயந்திரத்தின் பதிவு மட்டுமே சாட்சி இல்லை. ஏடிஎம்மில் மீதமிருக்கும் பணத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். உங்களுக்கு வராத 5,000 உள்ளேயே தங்கியிருந்தால், அங்கே 5,000 கூடுதலாக இருக்கும். அதனால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மின்னணுப் பதிவேட்டின் நகல், அந்த நாளின் பண இருப்பு ஒப்பீடு, கேமரா பதிவு.

பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருப்பார். வாடிக்கையாளர் புகாரை முழுதாகவோ பாதியாகவோ நிராகரிக்கும் முன் அவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். "என் புகார் உள் குறைதீர்ப்பாளரிடம் போனதா?" என்ற ஒரு வரியை எழுதிக் கேளுங்கள். விதி தெரிந்த ஆள் என்று அவர்களுக்குப் புரியும்.

படி 6: ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன்

வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாட்கள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் அடுத்த கதவு இது: வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரி. 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக நடக்கிறது. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ் என்ற புகார் தளத்தில் மொபைல் எண்ணை வைத்து நுழைந்து பதிவு செய்யலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை. "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஆட்களை நெருங்க விடாதீர்கள்.

இணைக்க வேண்டியவை: முத்திரை போட்ட மனு நகல், வங்கியின் பதில், பரிவர்த்தனை தெரியும் கணக்கு அறிக்கை. முதலில் வங்கிக்குப் புகார் கொடுக்காமல் நேராக இங்கே வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். படி 3ஐ நான் அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுதான் காரணம்.

எங்களுக்கு இந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இழப்பீட்டுக்காக இரண்டாவது மனு கொடுத்த பதினோராம் நாள் 1,300 ரூபாய் வந்தது.

அங்கேயும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வங்கியின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதனால் பணம் கழிந்த தேதியை மனு நகலின் மேல் மூலையில் பெரிதாக எழுதி, பாஸ்புக்கோடு சேர்த்து வையுங்கள்.