கடல் தாண்டும் முன் மழையைப் பாருங்கள்

கிளிநொச்சியிலிருந்து குடும்பமாகத் தமிழ்நாடு போக நினைப்பவர்கள் டிக்கெட் விலைக்கு முன் மழையைப் பார்க்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை வன்னியையும் நாகப்பட்டினக் கரையையும் சேர்த்தே நனைக்கிறது. இங்கே வெள்ளமென்றால் அங்கே வெயில் என்று எண்ண வேண்டாம். கடல் கொந்தளித்தால் காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பலும் நின்றுவிடும். பெப்ரவரிதான் நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது.

கப்பலில் போனால் நாகூரும் வேளாங்கண்ணியும் பக்கத்திலேயே இருக்கின்றன. தஞ்சாவூரும் எட்டும் தூரம்தான். சென்னையில் இறங்கி நாள் முழுவதும் பஸ்ஸில் இருப்பதைவிட முதியவர்களுக்கு இது எவ்வளவோ மேல்.

திரும்பும் நாளுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொடங்கும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது விடுங்கள். ஒருமுறை நாங்கள் அப்படி விடவில்லை. கப்பல் இல்லை என்ற அன்றே அம்மம்மாவின் பிரஷர் குளிசையும் முடிந்துபோய்த் தவித்துவிட்டோம். ஒரு வாரத்துக்குக் கூடுதலான குளிசைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.

கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே, அந்த விசாவோடு எந்தத் துறைமுகத்தால் நுழையலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.